அவசரமில்லை, மெதுவா அனுப்புங்க

காலையில் போன கரண்டு சாயங்காலம்தான் வரும். மாசம் ஒருநாள் இப்படிப் பகல் பூராவும் நிறுத்திவைத்துக் கம்பியெல்லாம் சரிபார்ப்பது திருப்பூருக்குப் புதுசில்லை, முந்தாநாளே பேப்பரில் போட்டிருந்தார்கள், துளசிமணியும் படித்தாள். படித்து என்ன பிரயோசனம், ராத்திரி போனைச் சார்ஜில் போட மறந்துபோனாள், இப்போது கால்வாசிகூட இல்லாத போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு வெறுந்தரையில் மல்லாந்து கிடந்தாள். தலைக்கு மேலே ஃபேன் அசையாமல் தொங்கியது. பக்கத்துச் சந்தில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகிற நிட்டிங் மிஷின்கள் நின்றுபோனதில் தெருவுக்கே காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. எங்கேயோ ஒரு குக்கர் கத்தியது, தன் வீட்டுக் குக்கரோ என்று பதறி எழுந்து உட்கார்ந்து, மத்தியானச் சோறு ஆக்கி இறக்கி வெகுநேரமாச்சே என்று நினைவு வந்து மறுபடி படுத்துக்கொண்டாள். இந்தச் சத்தமில்லாத நாள்தான் அவளுக்கு ஆகாது. மிஷின் ஓடினால் மனசு தன் பாட்டுக்கு அதன் பின்னால் போய்க்கொண்டிருக்கும்; நின்றுவிட்டால் போதும், வெசனம் ஒவ்வொன்றாக எழுந்துவந்து பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். இன்றைக்கு ஒரே வெசனம்தான், ஆனால் பெரிய பாய். பொழுதோடு நாச்சிமுத்து அண்ணன் போன் பண்ணுவார். அவள் வேலை பார்த்த கம்பெனியில் டிசைன் செக்‌ஷனுக்கு அவர்தான் பொறுப்பு. ‘அம்மிணி, உன்ற சேரு காலியாத்தான் கெடக்குது. திங்கக்கிழமை வர்றயா இல்லியான்னு நாளைக்குப் பொழுதோட சொல்லிப்போடு, இல்லாட்டி வேற ஆளப் போட்டுருவாங்க’ என்று நேற்றே சொல்லிவிட்டார். கனடாக்காரன் பணம் வந்துவிட்டால், வரவில்லை அண்ணா என்று தலைநிமிர்ந்து சொல்லலாம். வராவிட்டால் திங்கட்கிழமை காலையில் சோத்துப்போசியைத் தூக்கிக்கொண்டு, எந்த வாசலை இனிமேல் மிதிக்க மாட்டேன் என்று சாமி சத்தியம் பண்ணிவிட்டு வந்தாளோ அதே வாசலில் போய் கைரேகை வைக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. காலையிலிருந்து இதையே போட்டுக்கொண்டிருக்கிறாள். கூட்டினாலும் கழித்தாலும் விடை ஹோவர்டு என்கிற, கண்ணால் காணாத ஒரு மனுசனிடம் போய் நின்றுகொள்கிறது.

ஹோவர்டு தொப்பிக்காரன். கனடாவில் பனி கொட்டுகிற ஏதோ ஒரு சின்ன ஊரில் எம்பிராய்டரி மிஷின் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விளையாட்டு டீம்களுக்குத் தொப்பியில் சின்னம் தைத்துக் கொடுக்கிறவன். அவளுடைய தொழில் பஞ்சிங். படத்தைக் கொடுத்தால் அதை ஊசிக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தர வேண்டும். எங்கே ஆரம்பிப்பது, நூல் எந்தப் பக்கம் சாய்வது, எங்கே அறுத்து நிறம் மாற்றுவது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு பைலாக அனுப்பினால் அங்கே மிஷின் அதன்படி தைக்கும். அதுதான் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளுமே என்பார்கள் ஒன்றும் தெரியாதவர்கள். போடும், போட்டால் கரடி பன்றி மாதிரி வரும். ஹோவர்டு முதலில் அனுப்பினது ஒரு கரடிதான். அந்தக் கரடியோடு அவள் பட்ட பாடு அந்தக் கரடிக்கே தெரியும். காதோர மயிர் ஒரு பக்கம் சாய வேண்டும், கன்னத்து மயிர் இன்னொரு பக்கம், தொப்பி வளைவில் துணி இழுத்துக்கொண்டு போகுமே, அதற்காக நடுவில் ஆரம்பித்து இரண்டு ஓரத்துக்கும் தைத்துக்கொண்டு போக வேண்டும், மூக்கில் ஒரு மினுக்கு வேண்டும். முடித்து அனுப்பினபோது ‘துளசி, இந்தக் கரடி மூச்சு விடுகிறது’ என்று எழுதினான். எத்தனை வருசம் கம்பெனியில் குப்பை கொட்டினாள், எத்தனை லட்சம் பனியன் அவள் போட்ட பூவோடு கப்பலேறிப் போனது, அங்கே அவள் பெயர் பஞ்சிங்காரம்மா. துளசி என்று கூப்பிட்டு, உன் கரடி மூச்சு விடுகிறது என்று சொல்ல ஒருத்தனும் பிறக்கவில்லை. அன்றைக்கு அந்த வரியை மயில்சாமிக்கு நாலைந்து தடவை படித்துக் காட்டினாள். மயில்சாமி அவள் வீட்டுக்காரர், ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘கரடி மூச்சு உடறது இருக்கட்டும் புள்ள, காசு எப்ப உடுவானாமா?’ என்றார். எரிச்சலாக வந்தது அவளுக்கு. அப்புறம் ஒரு மான் போனது, ஒரு கோடாலி போனது, சறுக்குக்கட்டை மாட்டின வாத்து ஒன்று போனது. கடைசியில் ஹோவர்டேதான் கேட்டான்: மொத்தம் எவ்வளவு, எப்போது அனுப்ப வேண்டும்? எவ்வளவு என்பதை எழுதிவிட்டாள், நம்ம காசுக்கு அம்பதாயிரத்தைத் தாண்டியது. எப்போது என்பதற்கு மரியாதையாக ஒரு பதில் வேண்டாமா. எடுத்தவுடனே நாளைக்கே அனுப்பு என்றா எழுதுவார்கள்? காய்ந்து கிடக்கிறாள் என்றல்லவா நினைப்பான். மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்து, போனிலேயே இங்கிலீஷில் மாற்றி, இரண்டு தடவை படித்துத் திருப்திப்பட்டு அனுப்பினாள்: பணத்துக்கு ஒன்றும் அவசரமில்லை சார், உங்களுக்கு எப்போது சௌகரியப்படுமோ அப்போது மெதுவாக அனுப்புங்கள். நல்ல வாசகம். கவுரவமாகவும் இருந்தது, உறைக்க வேண்டியவனுக்கு உறைக்கிற மாதிரியும் இருந்தது. ஹோவர்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி ஒரு சிரித்த மூஞ்சியும் போட்டான். இன்றைக்கே வந்துவிடும் என்று பேங்கு மெசேஜுக்காகப் போனைக் கையில் பிடித்துக்கொண்டே அடுப்படியில் நின்று தோசை ஊற்றினாள். அது ஆச்சு ஒரு மாசத்துக்கு மேலே.

தம்பி சம்பத்து தலையில் அடித்துக்கொண்டான். கூடப் பிறந்தவன்தான், கம்ப்யூட்டர் கடையில் வேலை, உலகத்தில் நடக்கிற மோசடியெல்லாம் அவனிடம் சொல்லிக்கொண்டுதான் நடக்கிறது என்கிற மாதிரிப் பேசுவான். ‘ஏக்கா, பாதி அட்வான்ஸ்கூட வாங்காம பைலத் தூக்கிக் குடுத்தியா? பைலு போனாப் போச்சு, அதென்ன பாத்தரமா, கொண்டாடான்னு திருப்பி வாங்க? மொதல்ல அவன் பேரு ஹோவர்டுன்னு உனக்கு ஆரு சொன்னா?’ யாரும் சொல்லவில்லை, அவனேதான் சொன்னான். அந்தக் கேள்வி அப்போது வேடிக்கையாக இருந்தது, இப்போது கண்ணை மூடினால் அதுதான் வந்து உட்காருகிறது. கனடாவே இல்லையோ என்னவோ. இங்கேயே அடுத்த சந்தில் லுங்கியைக் கட்டிக்கொண்டு எவனாவது ஒருத்தன் உட்கார்ந்து, துளசி துளசி என்று எழுதி, என் கரடியை வாங்கி வேற எவனுக்கோ விற்றுக்கொண்டிருந்தால்? ஆனால் அவன் போட்டோ அனுப்பினானே. பிள்ளைகள் வரிசையாகத் தொப்பியோடு நிற்கிற போட்டோ, முன்பல் விழுந்த ஒரு பொடிசு நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. போட்டோ யாருடையதாகவும் இருக்கலாம், சரி, தொப்பியில் இருந்த கரடி யாருடையது? காதோர மயிரை அப்படித் திருப்ப இந்த ஊரில் இன்னொரு கை கிடையாது. அப்படியானால் மனுசன் உண்டு, மிஷின் உண்டு, தைத்து விற்றதும் உண்டு, காசு மட்டும் தரவில்லை. அது இன்னும் மோசம். இல்லை, ஏதாவது நோய்நொடியோ, பனியில் வண்டி கிண்டி வழுக்கி, ஐயோ, ஒருவேளை செத்துக்கித்துப் போயிருந்தால், அப்புறம் துக்க வீட்டில் அவன் பெண்டாட்டியிடம் போய்க் கரடிக்குக் காசு கொடு என்றா கேட்பது? சே, என்ன புத்தி இது, நல்லா இருக்கட்டும் அந்த மனுசன். செத்தவன் எப்படிப் போன வாரம் மீன் அனுப்புவான்? ஆமாம், மீன். போன வாரம் ஒரு மீன் படத்தை அனுப்பி இதையும் செய்து தருவாயா துளசி என்று கேட்டிருந்தான். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளும் கேட்கவில்லை. அது மட்டுமா, செதில் செதிலாக அந்த மீனையும் செய்து அனுப்பிவைத்தாள்! சம்பத்துக்கு இது தெரியாது. தெரிந்தால் கனடாக்காரனை விட்டுவிட்டு இவளைத்தான் போலீசில் பிடித்துக் கொடுப்பான்.

கை தன்னால் கழுத்துக்குப் போனது. செயின் இருந்த இடம். கம்ப்யூட்டரும் அதற்குள் போடுகிற சாப்ட்வேரும் வாங்க அது அடகுக்கடைக்குப் போனது, இன்னும் அங்கேதான் இருக்கிறது, வலி மட்டும் கழுத்திலேயே இருக்கிறது. அந்த வலி கம்பெனி கொடுத்தது. ஷிப்மெண்ட் நேரம் வந்துவிட்டால் விடிய விடிய உட்கார வேண்டும், ஏசி நேராகப் பிடரியில் அடிக்கும், இடம் மாற்றிப் போடுங்கள் என்று கேட்க நினைத்து நினைத்துக் கேட்காமலேயே பல வருசம் ஓடிவிட்டது. ஒருநாள் கூப்பிட்ட பக்கம் திரும்ப முடியவில்லை, உடம்போடு திரும்பினாள். டாக்டர் கழுத்துக்குப் பட்டை மாட்டிவிட்டார். பட்டையோடு வேலைக்குப் போனவளைப் பார்த்து, சலங்கை ஒன்று கட்டிவிட்டால் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று எவனோ சொல்ல, செக்‌ஷனே சிரித்தது, நாச்சிமுத்து அண்ணன்கூடச் சிரித்துவிட்டு அப்புறம் வருத்தப்பட்டார். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதாள், பட்டை மாட்டியிருந்தால் குனிந்து அழக்கூட முடியாது, நேராக நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு அழ வேண்டும். மறுபடி அங்கேயா? முடியாது. முடியாது என்று யாரிடம் சொல்வது? மயில்சாமி போ என்றும் சொல்லமாட்டார், போகாதே என்றும் சொல்லமாட்டார். முதலில் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார், வந்துச்சா, வந்துச்சா என்று. ஒரு வாரமாகக் கேட்பதையும் நிறுத்திவிட்டார். காலையில் பால்காசை டிவி மேல் வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறார். நாலு வார்த்தை திட்டினால் நாமும் நாலு வார்த்தை பேசி ஓய்ந்துவிடலாம். இது என்ன, பரீட்சையில் பெயிலான பிள்ளையை வீட்டில் எல்லாரும் பூப்போல நடத்துகிற மாதிரி. பயமாக இருந்தது அவளுக்கு. அவர் மேல் இல்லை, அந்தக் காசு வைக்கிற சத்தத்தின் மேல்.

கேட்டுவிட வேண்டியதுதான். அழுத பிள்ளைக்குத்தான் பால். போனைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். அன்புள்ள சார், நலமாக இருக்கிறீர்களா, குடும்பத்தில் எல்லாரும் நலமா. நன்றாக இருக்கிறது, ஆனால் காலங்காத்தாலே இதைப் பார்த்துவிட்டு நலம்தான், நீ நலமா என்று எழுதுவானே ஒழியப் பணம் எங்கே வரும்? அழித்தாள். சார், எங்கள் ஊரில் இன்று கரண்டு இல்லை. அதனால்? கரண்டு இல்லாததற்கு அவன் என்ன செய்வான். அழித்தாள். சார், தப்பாக நினைக்க வேண்டாம், சும்மா ஞாபகப்படுத்தத்தான். சும்மாவா, கழுத்துச் செயின் வட்டியில் மூழ்குகிறது, இதற்குப் பெயர் சும்மாவா? அழித்தாள். பேங்கில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, நீங்கள் அனுப்பினது வந்து சேரவில்லையோ என்று எழுதினால்? அவன் மேல் பழி போடாமல் பேங்கு மேல் போட்டுவிடலாம். ஆனால் அவன் அனுப்பவே இல்லை என்று அவனுக்கே தெரியுமே, பொய்க்காரி என்றல்லவா ஆகும். அழித்தாள். கேட்டால் என்ன, குடலா வெளியே வந்துவிழும்? தெரியவில்லை, விழுந்தாலும் விழும். சின்ன வயசில் சொந்தம் ஒறம்பரை வீட்டுக்குப் போகும்போது அம்மா பஸ்ஸிலேயே காதைத் திருகிச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவாள், யார் எதைக் கொடுத்தாலும் வேண்டாங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்னு சொல்லோணும். இவளும் சொல்லுவாள். அட, சும்மா சாப்புடு கண்ணு என்பார்கள். வேண்டாங்க. அட, ஒண்ணே ஒண்ணு. வேண்டாங்க. மூன்றாவது தடவை தட்டைக் கையில் திணிப்பார்கள், அப்போது அம்மாவைப் பார்க்க வேண்டும், அம்மா கண்ணைச் சிமிட்டினால் தின்னலாம். அப்படித் தின்ற பஜ்ஜியெல்லாம் ஆறிப்போன பஜ்ஜிதான். ஆனாலும் கிடைத்தது, கிடைக்காமல் போனதில்லை. எடுத்த எடுப்பில் கை நீட்டின சித்தி மகளை ‘தின்னக் காணாதது’ என்று இன்றைக்கும் பேசுகிறார்கள், அவளுக்குப் பேத்தி பிறந்துவிட்டது. போன் சிவப்புக் காட்ட ஆரம்பித்தது. வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுத் தரையில் கவிழ்த்து வைத்தாள். எழுதினதில் ஒரு எழுத்து மிச்சமில்லை.

‘துளசீ... இருக்கறயா?’ என்று வாசலில் குரல் கேட்டது. மாவுக்காரப் பாப்பாத்தியக்கா. தினம் சாயங்காலம் வாளியில் இட்லிமாவு கொண்டுவந்து வீடு வீடாக ஊற்றிவிட்டுப் போகிறவள். இன்றைக்குக் கையில் வாளி இல்லை.

‘வாங்கக்கா. மாவு இருக்குதுங்களா?’

‘கரண்டில்லாம மாவு எங்கிருந்து கண்ணு வரும்? கிரைண்டரு காலைல இருந்து கம்முனு கெடக்குது. சும்மா இருக்கறதுக்கு இப்பிடி ஒரு நடை வந்தேன், அப்பிடியே உன்னயும் பாத்துட்டுப் போலாம்னு.’

சும்மா. வாளி இல்லாமல் சும்மா வருகிறவள் எதற்கு வருகிறாள் என்று துளசிமணிக்குத் தெரியாதா. மாவு பாக்கி நின்றுகொண்டே போகிறது, இந்த மாசம் ஒரு பைசா கொடுக்கவில்லை. ‘அக்கா, உங்களுக்கு வேற பாக்கி நிக்குது...’ என்று இழுத்தாள்.

‘அட போ கண்ணு, காசு எங்க ஓடிப்போவுது? நீ என்ன ஊர உட்டா போயிருவ? மெதுவாக் குடு, ஒண்ணும் அவசரமில்ல’ என்று சொல்லிவிட்டுப் பாப்பாத்தியக்கா நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். முந்தானையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள். வெயில் என்றாள், ஒரு சொம்புத் தண்ணி குடு என்றாள். தண்ணியைக் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, உங்க வீட்டுக்காரருக்கு ஓவர்டைம் இருக்குதா என்று கேட்டாள். அதற்குள் துளசிமணியின் கால் உள்ளே போய்விட்டது. டிவி மேல் மயில்சாமி வைத்துவிட்டுப் போன பால்காசை எடுத்து, அரிசி வாங்க வைத்திருந்ததில் இன்னும் கொஞ்சத்தைச் சேர்த்துக் கொண்டுவந்து நீட்டினாள். ‘இப்ப என்ன கண்ணு அவசரம், நான் அதுக்கா வந்தேன்?’ என்றபடி பாப்பாத்தியக்கா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, சொம்பைக் கொடுத்துவிட்டு, அடுத்த நிமிசம் போய்விட்டாள்.

சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு துளசிமணி அப்படியே நின்றாள். அரிசிக்காசு போச்சே என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம்தான் அந்த வார்த்தை காதுக்குள் திரும்பி வந்தது. மெதுவாக் குடு, ஒண்ணும் அவசரமில்ல. அதைக் கேட்டுத்தானே காசை எடுக்க ஓடினேன்? ‘சரிங்கக்கா, மெதுவாவே தர்றேன்’ என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்குக் கதவைச் சாத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தெருவெல்லாம் சொல்லியிருப்பாள், வாயில வந்ததைச் சொல்லியிருப்பாள், நாளையிலிருந்து மாவு கிடையாது. எந்த மனுசியாவது அப்படிச் செய்வாளா? யாராவது அவசரமில்லை என்று சொன்னால் நிஜமாகவே அவசரமில்லை என்று நினைத்துக்கொண்டு சிரித்த மூஞ்சியைக் காட்டிவிட்டுப் போவானா ஒருத்தன்? போவான். கனடாவில் இருக்கிறவன் போவான். அவன் என்ன கண்டான்! அவளுடைய அப்பா பருத்திக்கொட்டை, புண்ணாக்கு வியாபாரம் பண்ணினவர், பாக்கிக்காரர் வீட்டுக்குப் போனால் ‘அதுக்கென்னுங்க, மெதுவாக் குடுங்க’ என்றுதான் சொல்லுவார், சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். பாக்கிக்காரர் எழுந்து உள்ளே போவார். அப்பா சொன்ன வார்த்தைக்கா காசு வந்தது? உட்கார்ந்தாரே, அதற்கு வந்தது. துளசிமணி என்ன செய்தாள், வார்த்தையை மட்டும் இங்கிலீஷாக்கிக் கனடாவுக்கு அனுப்பிவிட்டாள். அங்கே போய்ச் செருப்பைக் கழற்றி வைத்து உட்காருவது யார்? சிரிப்பு வந்தது அவளுக்கு. சொம்போடு அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டு தனியாகச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்புறம் அது சிரிப்பு இல்லை. அடி பைத்தியக்காரி, ஒரு மாசம்! ஒரு மாசமாக அந்த மனுசனைத் திருடன் என்றாள், லுங்கி கட்டிவிட்டாள், பனியில் தள்ளிக் கொன்றே போட்டாள். அவன் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறான். அப்படித்தானா? இல்லை, இதுவும் நானே எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானமா? கேட்காமல் எப்படித் தெரியும்.

போனை எடுத்தாள். சிவப்பு இன்னும் மெலிந்திருந்தது, யோசித்துக்கொண்டு உட்கார அது விடாது. எனக்குப் பணம் வேண்டும் என்று இங்கிலீஷில் எழுதினாள். படித்துப் பார்த்தாள், முள்ளுக்கரண்டியால் குத்துகிற மாதிரி இருந்தது. முன்னால் ஒரு தயவுசெய்து போடலாமா, பின்னால் ஒரு முடிந்தால் போடலாமா, முடிந்தால் என்று போட்டால் முடியவில்லை என்றுதான் வரும். தப்பாக நினைக்காதீர்கள்? நினைத்தால் நினைக்கட்டும். இன்றைக்கே அனுப்புங்கள் என்று சேர்த்தாள். எனக்குப் பணம் வேண்டும். இன்றைக்கே அனுப்புங்கள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். போய்விட்டது. போனதும் நடுத்தெருவில் முந்தானை நழுவி நின்ற மாதிரி உடம்பு கூசியது. அழித்துவிடலாமா, இன்னும் அவன் பார்க்கவில்லை, அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும், எழுந்து பல் விளக்கிக்கொண்டிருப்பான், பாதி விளக்கும்போது இதைப் பார்த்து, அட இவளா இப்படி என்று. அம்மா இருந்தால் காது பிய்ந்திருக்கும். தின்னக் காணாதது, தின்னக் காணாதது. கையைத் தூரமாக வைத்துக்கொண்டாள். போய் முகம் கழுவினாள். தேவையே இல்லாமல் ஏற்கெனவே கழுவின சொம்பைப் புளி போட்டு மறுபடி தேய்த்தாள்.

டொக்கென்று சத்தம் கேட்டது. ஈரக் கையோடு ஓடிவந்து பார்த்தாள். ஹோவர்டுதான். ஓ, அப்படியா என்று ஆரம்பித்திருந்தான். நீங்கள் அவசரமில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் உங்களுடையதை மூன்று மாசத்துக்கு ஒருமுறை கணக்கு முடிக்கிறவர்களோடு சேர்த்து வைத்துவிட்டேன். உங்களுக்குப் பணத்தேவை இல்லை, பொழுதுபோக்குக்காகச் செய்கிறீர்கள், பெரிய வீட்டு அம்மாவாக இருக்கும் என்று நானும் என் மனைவியும் பேசிக்கொண்டோம். கேட்டது நல்லதாய்ப் போயிற்று. கடை திறந்ததும் அனுப்புகிறேன், பேங்கு வழியாக வந்து சேர நாலைந்து நாள் ஆகும். மீன் பிரமாதம். அவ்வளவுதான். கோபமில்லை, குத்தலில்லை, தின்னக் காணாதவள் என்று எந்த வரிக்குள் தேடினாலும் இல்லை. பெரிய வீட்டு அம்மா! ஒழுகுகிற ஓட்டைப் பார்த்தாள், அடுக்கிவைத்த மண்ணெண்ணெய் டின்னைப் பார்த்தாள். நிம்மதி வருமென்று காத்திருந்தாள், வரவில்லை, களைப்புத்தான் வந்தது. அனுப்புகிறேன் என்பது அனுப்பினேன் ஆகுமா? அவர்களும் ஒருவேளை வாயால் ஒன்று சொல்லி மனசில் ஒன்று வைத்துக்கொள்கிற ஜாதிதானோ என்னவோ, நமக்கு என்ன தெரியும். சம்பத்திடம் காட்டினால், எல்லாத் திருடனும் இப்பிடித்தான்க்கா பதமாப் பேசுவான் என்பான். கையில் இருப்பது ஒரு வரி. அந்த வரியை வைத்துக்கொண்டு அரிசி வாங்க முடியாது, செயினை மீட்க முடியாது. நாலைந்து நாள் என்றால் திங்கட்கிழமை அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. இவன் சொல்லை நம்பி அங்கே சேரை விட்டுவிட்டு, இதுவும் வராமல் போனால், அப்புறம் மயில்சாமி பால்காசு வைக்கிற சத்தத்தை எத்தனை நாள் கேட்பது? அதற்குள் போன் கையிலேயே அதிர்ந்தது. நாச்சிமுத்து அண்ணன்.

‘என்ன அம்மிணி, ரோசன பண்ணுனயா? நான் மேல சொல்லோணும்.’

‘வரலீங்ணா’ என்றாள். சொன்னபிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

‘பரவால்லியே. கனடாப் பணம் வந்துருச்சாக்கும்?’

‘இல்லீங்ணா. இன்னம் வரல.’

‘அப்பறம் எந்தத் தகிரியத்துல சொல்ற?’

‘கேட்டுட்டனுங்ணா.’

போன் செத்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், உயிர் இருந்தது. அந்தப் பக்கம் கதவு ஒன்று திறந்து மூடுகிற சத்தம் கேட்டது, செக்‌ஷனை விட்டு எழுந்து படிக்கட்டுப் பக்கம் போயிருப்பார். திரும்பப் பேசினபோது குரல் தாழ்ந்திருந்தது.

‘அம்மிணி, என்னன்னு கேட்ட?’

‘என்னங்ணா?’

‘இல்ல, எனக்கும் மொதலாளிகிட்ட மூணு மாசச் சம்பளம் நிக்குது. தெனமும் அவரு ரூமுக்குத்தான் போறேன். எப்பிடியிருக்கற நாச்சிமுத்துங்கறாரு. நல்லாருக்கறனுங்கன்னு சொல்லீட்டு வந்தர்றேன். இந்த வேலைய எவ தலைல கட்டறதுன்னு தெரியாமத்தான் உன்னயும் வாவான்னு கூப்புட்டுட்டு இருக்கறேன், சொல்லக்கூடாது. நீ அந்த வெள்ளைக்காரன்கிட்ட என்ன வார்த்த சொல்லிக் கேட்ட?’

‘எனக்குப் பணம் வேணும், இன்னைக்கே அனுப்புங்கன்னு கேட்டனுங்ணா.’

‘அவ்வளவுதானா?’

‘அவ்வளவுதானுங்ணா.’

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். எனக்கு, என்றார். மறுபடி கனைத்தார். எனக்குச் சம்பளம், என்றார், அதற்கு மேல் வரவில்லை. நாற்பது பேரை ஒரு அதட்டலில் வேலை வாங்குகிற குரல்.

துளசிமணி போனை வைக்கவில்லை. கிடக்கிற சார்ஜ் கிடக்கட்டும் என்று சுவரோரம் உட்கார்ந்தாள்.

‘சொல்லுங்ணா’ என்றாள்.